தோட்டத்தின் புறக்கடை



நவம்பர் மாதம் மரித்தோரின் மாதமாதலால் கல்லறைகளைப் பற்றி இம்முறை ஏதேனும் எழுதுமாறு ஆசிரியர் கேட்டிருந்தார். நாமோ ஓர் உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் கடைசி வாரத்தில், அமெரிக்க நாட்டின் தென்கோடியிலுள்ள லூயிசியானா மாநிலத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குருமடத்தில் நம் பக்கத்து மேசையிலிருந்து இலத்தீன் வேற்றுமைகளோடு நம்மைப் போலவே மல்லுக்கட்டிய நண்பர் ஒருவர், இன்று அங்கே ஒரு சிற்றூர்க் கோவிலில் பங்குத்தந்தையாகப் பணியாற்றுகிறார். அவருடைய விருந்தினராகவே சென்றோம். "நீர் வந்ததே வந்தீர், ஒரு நாளாவது ஊர் பாரும்" என்று சொல்லி, நமக்குத் தெரியாமலே இரு சீட்டுகளை வாங்கி வைத்திருந்தார். காலையில் பழைய கரும்புத் தோட்டம். நண்பகலில் பொட்டலச் சோறு. மாலையில் சதுப்பு நிலத்தில் படகுச் சவாரி. நியூ ஆர்லியன்ஸ் நகர விடுதிகளின் முகப்பிலெல்லாம் இத்தகைய பயணங்களுக்கான வண்ண அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் வெண்தூண்கள் நிற்கும் மாளிகை, மறுபக்கம் வாய் பிளந்த முதலை. பழனிக்குப் போகிறவர் கொடைக்கானலையும் பார்த்து வருவதுபோல, பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் கட்டிவிட்டார்கள் என்றே நாமும் நினைத்தோம்.

புறப்பட்ட சிறிது நேரத்தில், "நாம் இப்போது புனித திருமுழுக்கு யோவான் பங்கிற்குள் நுழைகிறோம்" என்று வண்டியோட்டி அறிவித்தார். பங்குச் சாமியார்களுக்கே உரிய பழக்கத்தால் நம் கண்கள் கோவில் கோபுரத்தைத் தேடின. கோபுரம் எதையும் காணோம். நண்பர் சிரித்தார். மற்ற மாநிலங்களில் மாவட்டம் எனப்படும் நிருவாகப் பிரிவுக்கு லூயிசியானாவில் 'பங்கு' என்றே பெயராம். பிரெஞ்சுக்காரரும் இஸ்பானியரும் ஆண்ட நாளில் கோவில் பங்குகளே மக்களை எண்ணவும் பதியவும் எல்லைகளாக இருந்தன. அமெரிக்கர் கைக்கு நாடு மாறிய பின், 1807ஆம் ஆண்டில் சட்டமன்றம் பத்தொன்பது பங்குகளை வகுத்தது. இன்று 64 பங்குகள் இருக்கின்றன. போலீசும் வரியும் பள்ளிக்கூடமும் பங்கின் பொறுப்பு! அத்தனை பொறுப்பும் நம் தலையில் விழாததற்காக இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டோம்.

மிசிசிப்பி ஆற்றின் கரையை ஒட்டியே சாலை செல்கிறது. ஆனால் ஆறு கண்ணில் படுவதில்லை. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைமேடு இருமருங்கிலும் கோட்டைச் சுவர்போல் உயர்ந்து நிற்கிறது. அதற்கு மேலே பெருங்கப்பலின் புகைபோக்கி மட்டும் மெல்ல நகர்வதைக் கண்டு, வானத்தில் கப்பல் போகிறதோ என்று திகைத்தோம். கரைமேட்டுக்கு இப்பால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு நடுநடுவே கரும்பும் காணப்பட்டன. நாம் தென்னார்க்காட்டுக் கரும்புக் கொல்லையின் நடுவில் பிறந்து வளர்ந்தவர். வெட்டிய கரும்பின் மணம் வண்டியின் சன்னல் வழியே வந்தபோது, ஒன்பதாயிரம் கல் தொலைவு கடந்து வந்தோம் என்பதே மறந்துவிட்டது. அது வெட்டுக் காலம். இயந்திரங்கள் கரும்பை அறுத்துத் துண்டாக்கித் தள்ள, சோகை எரிந்த புகை அடிவானத்தில் படிந்திருந்தது.

அந்நிலங்களின் வடிவத்தைச் சற்று விளக்க வேண்டும். பின்னர் அது தேவைப்படும். ஆற்றுமுகத்தில் அகலம் குறைவு. ஆற்றிலிருந்து பின்னோக்கி நீளமோ அதிகம். நாற்பது அர்ப்பாங் ஆழம் என்பது அன்றைய பிரெஞ்சுக் கணக்கு. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறு காலங்காலமாக வண்டல் கொட்டியதால் கரையோரம் மேடு, பின்னே போகப் போகத் தாழ்வு. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திற்கும் முன்வாசலில் ஆறும், அதை நோக்கி எசமானரின் மாளிகையும், அதன் பின்னே அடிமைகளின் குடிசைகளும், அப்பால் ஆலைக்கொட்டகையும் கரும்பும் இருந்தன. புறக்கடையில் இருந்தது சதுப்புக் காடு.

இந்த ஆற்றங்கரை மாளிகைகளுள் பெரும்பாலானவை, நெடுங்காலமாக எசமானரின் கட்டிலையும் கண்ணாடியையும் வெள்ளித் தட்டையும் காட்டியே காசு வாங்கி வந்தன. அங்கே திருமணங்கள் நடக்கின்றன, திரைப்படங்களும் எடுத்திருக்கிறார்கள். நாம் சென்ற விட்னி தோட்டம் அவ்வாறன்று. 1752இல் ஜெர்மானியக் குடியேறிகளான ஐடல் குடும்பத்தார் வாங்கிய நிலம் அது. முதலில் அவுரி, பின்பு கரும்பு பயிராயிற்று. ஜான் கம்மிங்ஸ் என்னும் வழக்கறிஞர் அதை விலைக்கு வாங்கி, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, அடிமைகளின் வரலாற்றை மட்டுமே சொல்லும் காட்சியகமாக 2014 டிசம்பரில் திறந்து வைத்தார். 2019இல் அது ஓர் அறநிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது.

நுழைவாயிலில் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டுகிறார்கள். அதில் ஒரு குழந்தையின் சிலை படமும், சிறுவயதில் அடிமையாயிருந்த ஒருவர் முதுமையில் சொன்ன சொற்களும் உள்ளன. 1930களில் அமெரிக்க அரசு, வேலையற்றிருந்த எழுத்தாளர்களை அமர்த்தி, அப்போது உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளிடம் நேரில் கேட்டு எழுதி வைத்தது. அடிமைமுறை ஒழிந்தது 1865இல். ஆகவே பேசியவருள் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் நினைவிலிருந்ததோ தங்கள் குழந்தைப் பருவம். விடுதலை பெற்றவர்கள் தங்கள் கையால் கட்டிய மரக் கோவில் ஒன்று, ஆற்றின் அக்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு அங்கே நிற்கிறது. உள்ளே இருக்கைகளிலும் தூண்களருகிலும், வுட்ரோ நாஷ் என்னும் சிற்பி வடித்த சிறுவர் சிறுமியர், கிழிந்த ஆடையோடு பேசாமல் நிற்கிறார்கள். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. நம்மோடு வண்டியில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்தக் கோவிலில் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள்.

வெளியே கருங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் 1,07,000 பெயர்கள் பொறித்திருக்கின்றன. கிவெண்டலின் மிட்லோ ஆல் என்னும் வரலாற்றாசிரியை 1984இல் ஒரு பழைய நீதிமன்றத்தில் தாள்கட்டுகளைப் புரட்டத் தொடங்கி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பெயர்கள் அவை. 2022இல்தான் அம்மையார் காலமானார். தேடிய இடங்களோ ஏலப் பட்டியல், கடன் பத்திரம், உயில், சொத்துக் கணக்கு ஆகியவைதாம். மாடு இத்தனை, கொப்பரை இத்தனை, அதற்கடுத்த வரியில் பியேர், வயது 30, இவ்வளவு விலை. அவர்களைச் சொத்தாகக் கருதியதனாலேயே அவர்கள் பெயர் காப்பாற்றப்பட்டது என்பதை நண்பரிடம் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை.

ஆலைக்கொட்டகையின் கொப்பரைகளைப் பார்த்தபோது மட்டும் நாம் வழிகாட்டிப் பெண்மணியை முந்திக்கொண்டு விளக்கத் தொடங்கிவிட்டோம். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய் வைத்த இரும்புக் கொப்பரைகள், அடியில் தீ, ஒன்றில் கொதித்த சாற்றை அகப்பையால் அடுத்ததில் முகந்து ஊற்றிப் பதம் பார்ப்பது - வெல்லம் காய்ச்சும் ஊரில் பிறந்தவனுக்குப் பாடமா வேண்டும்? ஆனால் நமக்குத் தெரியாத ஒன்றை அப்பெண்மணி சொன்னார். நம்மூரில் கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும். வெட்டு நாலு நாள் தள்ளினாலும் பெரிய கேடில்லை. லூயிசியானாவிலோ உறைபனி வந்துவிடும். அது கரும்பைக் கெடுக்குமுன் முழுவதையும் வெட்டி, வெட்டியதைப் புளிக்குமுன் ஆட்டிக் காய்ச்சியாக வேண்டும். ஆகையால் அக்டோபர் முதல் கிறிஸ்துமஸ் வரை இரவும் பகலும் முறைவைத்து வேலை. உறக்கத்தில் சாய்ந்தவன் கை உருளையில் சிக்கும், கொதிபாகு தெறிக்கும். அமெரிக்காவின் அடிமைப் பிரதேசங்களுள் கரும்புப் பகுதியில்தான், பிறப்பை விட இறப்பு மிகுந்து, ஆட்களை ஓயாமல் விலைக்கு வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கொப்பரை வரிசையை ஒழித்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்பர்ட் ரில்லியூ 1806இல் நியூ ஆர்லியன்சில் பிறந்தார். தந்தை வெள்ளையர், பொறியாளர். தாய் அடிமைத்தளையற்ற கறுப்பினப் பெண். பாரிசில் பயின்று, சாற்றை மூடிய கலங்களில் வெற்றிடத்தில் காய்ச்சி, ஒரு கலத்தின் நீராவியைக் கொண்டே அடுத்ததைச் சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1843இலும் 1846இலும் காப்புரிமை பெற்றார். விறகு மிச்சமாயிற்று, சர்க்கரையும் வெளுத்தது. நெல்லிக்குப்பத்திலும் முண்டியம்பாக்கத்திலும் நம் உழவர் கரும்பு வண்டியோடு காத்து நிற்கும் ஆலைகளுக்குள்ளே இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அந்தத் தத்துவமே. நாளும் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்ளும் நமக்கு அவர் பெயர் அன்றுவரை தெரியாது. அவருடைய திருமுழுக்குப் பதிவு நியூ ஆர்லியன்ஸ் பேராலயத்தின் ஏட்டில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில், நாலில் ஒரு பங்கு கறுப்பு இரத்தம், அடிமையல்லன் என்று பங்குக் குரு கவனமாகக் குறித்திருக்கிறார்.

கரும்பின் கதை அமெரிக்காவோடு முடிவதன்று. பிரித்தானியர் தம் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை 1834இல் நிறுத்தியவுடன் அத்தோட்டங்களுக்கு ஆள் தேடி வந்தது நம் கடற்கரைக்கே. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும், பிரெஞ்சுத் தீவுகளுக்கும் நம்மவர் கப்பல் கப்பலாய்ச் சென்றனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலைப் பற்றி வாசகருட் சிலர் அறிந்திருக்கலாம். அவர்கள் ஒப்பந்தக் கூலிகள், அடிமைகளல்லர். அந்த வேறுபாடு பெரியதே. எனினும் பல தோட்டங்களில், காலியான குடிசைகளில்தான் அவர்களைக் குடிவைத்தார்கள்.

இனி நாம் எழுத வந்த இடத்திற்கு வருகிறோம்.

தோட்டத்தின் ஒரு பக்கத்தில் வட்டமான சிறு முற்றம் ஒன்று உண்டு. 'வானதூதர்களின் திடல்' என்பது அதன் பெயர். நடுவில் கறுப்பு வானதூதர் ஒருவர், இறந்த சிசுவைக் கையில் ஏந்திக் குனிந்து நிற்கிறார். சுற்றிலும் தாழ்ந்த கற்பலகைகளில் 2,200 குழந்தைகளின் விவரம் பொறித்திருக்கிறது. எல்லாரும் மூன்று வயது நிறையுமுன் இறந்த அடிமைக் குழந்தைகள். ஒரு பலகையின் விளிம்பில் யாரோ ஒரு சிறு துணிப் பொம்மையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டோம். வழிகாட்டிப் பெண்மணி நம் கழுத்துப்பட்டையைப் பார்த்தார். "உங்கள் ஏடுகளிலிருந்துதான், ஃபாதர்" என்றார்.

நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தின் அருட்சாதனப் பதிவேடுகளிலிருந்து எடுத்தவையாம். லூயிசியானா கத்தோலிக்க அரசின் கீழிருந்த நாடு. 1724ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்', அடிமைகளுக்குத் திருமுழுக்கும் மறைக்கல்வியும் அளிக்க வேண்டும், ஞாயிறன்று வேலை வாங்கலாகாது, திருமுழுக்குப் பெற்றவரை மந்திரித்த நிலத்தில் புதைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. அதே சட்டம் தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்றது. ஓடிப்போனவனுக்குக் காதறுத்துச் சூடு போடச் சொன்னது. இவ்விரண்டுக்குமிடையே நம் முன்னோரான குருக்கள் தூவலை மையில் தோய்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையருக்கு ஓர் ஏடு, அடிமைக்கும் மற்றக் கறுப்பினத்தாருக்கும் வேறோர் ஏடு. அடிமைக் குழந்தையின் பதிவில் தாயின் பெயர் உண்டு. எசமானரின் பெயர் தவறாது உண்டு. தந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. ஏன் இராது என்பதை அக்குரு அறியாதவரா? அறிந்தும் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதிய அந்த ஒன்றரை வரியைத் தவிர, அக்குழந்தை இவ்வுலகில் பிறந்ததற்கு வேறு சான்றே இல்லை.

இவரைப் போற்றுவதா, நோவதா? அந்த முற்றத்தில் நின்றுகொண்டு நம்மால் தீர்மானிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

இது ஏதோ தோட்ட முதலாளிகளின் பாவம், நம் திருச்சபை வெறும் எழுத்தர் வேலை மட்டுமே பார்த்தது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 1838இல் மேரிலாந்து சேசு சபையார், தம் கல்லூரியின் கடனை அடைப்பதற்காக, 272 பேரை லூயிசியானாத் தோட்டக்காரருக்கு 1,15,000 டாலருக்கு விற்றனர். விற்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற கத்தோலிக்கர்களே. குடும்பங்களைப் பிரிக்கலாகாது, மறைக்கடமைகளுக்கு வகை செய்ய வேண்டும் என்று உரோமையிலிருந்து நிபந்தனை வந்தது. அது காற்றில் போயிற்று. மறு ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்து மடல் எழுதினார். கல்லூரியும் சபையும் 2017இல் அவர்தம் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கோரின.

அதே நாட்களில் வேறுவிதமாக நடந்தவர்களும் உண்டு. வணக்கத்துக்குரிய ஹென்றியட் டெலில் அம்மையார் நியூ ஆர்லியன்சின் கறுப்பினக் கன்னியர். 1842இல் திருக்குடும்பக் கன்னியர் சபையை நிறுவியவர். அவருடைய பெயரை அந்தப் பழைய ஏடுகளில் காணலாமாம் - அடிமைக் குழந்தைகளுக்கு ஞானத்தாயாக. அதே ஆண்டில் திறக்கப்பட்ட புனித அகுஸ்தீனார் கோவிலில், கறுப்பினத்தார் பணம் சேர்த்துத் தங்களுக்கு இருக்கைகள் வாங்கியதோடு நில்லாமல், இருபக்கச் சிறகுகளின் இருக்கைகளையும் வாங்கி அடிமைகள் அமர்வதற்கென விட்டார்களாம். கோவிலில் உட்காரும் இடத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்ததே என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். நம்மூர்க் கோவில்களில் யார் எங்கே முழந்தாளிடுவது என்பதற்கு நடந்த சண்டைகளை அறியாதவர் நம் வாசகரில் எத்தனை பேர்?

பொட்டலச் சோறு இறங்கவில்லை. வண்டி ஆற்றைக் கடந்து, அதே திருமுழுக்கு யோவான் பங்கின் வடகோடியிலுள்ள மன்சாக் சதுப்புக்குக் கொண்டுபோய் விட்டது.

பிச்சாவரத்தில் படகேறியவர்களுக்கு அவ்விடத்தை எளிதில் விளக்கலாம்: சுரபுன்னைக்குப் பதில் சைப்ரஸ் மரம், உப்பு நீருக்குப் பதில் தேநீர் நிறத்து நன்னீர். அடி பருத்த மரங்கள். சுற்றிலும் வேர்கள் முழங்கால்கள்போல் நீருக்கு மேல் முட்டி நிற்கின்றன. அவை எதற்கென்று அறிவியலார் இன்னும் ஒருமனப்படவில்லை. ஊசியிலை மரமாயினும் குளிர்காலத்தில் இலை உதிர்க்குமாதலால் 'மொட்டைச் சைப்ரஸ்' என்று பெயர். நாம் போனபோது துருநிறமாயிருந்தது. கிளையெங்கும் நரைத்த தாடிபோல் தொங்குவதை இஸ்பானியப் பாசி என்கிறார்கள். அது பாசியுமன்று, இஸ்பானியாவினதும் அன்று; அன்னாசிக் குடும்பத்துச் செடி. அதைக் களிமண்ணோடு பிசைந்து இப்பகுதிப் பழைய வீடுகளின் சுவர்களை எழுப்பினார்கள், மெத்தைக்குள்ளும் அடைத்தார்கள்.

படகோட்டி நகைச்சுவை மிகுந்தவர். பஞ்சுபோல் மெத்தென்ற சர்க்கரை மிட்டாயை நீரில் எறிந்து முதலைகளை அழைத்தார். அவையும் வந்தன. 1967இல் அருகிவரும் இனமென்று பாதுகாக்கப்பட்டு, 1987இல் ஆபத்து நீங்கியதாக அறிவிக்கப்பட்ட முதலை, இன்று அம்மாநிலத்தில் இருபது இலட்சமாம். தென்னமெரிக்காவிலிருந்து 1930களில் கொண்டுவந்த நியூட்ரியா என்னும் பெருச்சாளி போன்ற பிராணி, தப்பிப் பெருகி, நாற்றுகளையும் புல்லையும் வேரோடு தின்பதால், அதன் வாலொன்றுக்கு அரசு 5 டாலர் கொடுப்பதாகச் சொன்னார். மறு ஆண்டில் அது 6 ஆயிற்று. பெரிய மரங்கள் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, நூறாண்டுக்கு முன்பே மரக் கம்பெனிகள் அனைத்தையும் வெட்டிவிட்டன, உப்பு நீர் ஏறுவதால் கன்றுகள் பிழைப்பதில்லை என்றார். ஆற்றுக்குக் கரை கட்டினால் வயலுக்கு வெள்ளமில்லை, சதுப்புக்கு வண்டலுமில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய வாய்க்கால்கள் வழியே கடல் உள்ளே வந்தது. 1932 முதல் லூயிசியானா கடலுக்குக் கொடுத்த நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டம் மூன்றுக்குச் சமம்.

நல்ல மனிதர் இத்தனையும் சொன்னார். ஆனால் அச்சதுப்பில் மனிதர் வாழ்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை நம் நண்பரே, திரும்பும் வழியில், என்ஜின் நின்றிருந்த சிறிது நேரத்தில் சொன்னார். காலையில் கண்டது போன்ற தோட்டங்களின் புறக்கடை இதுவே. சாட்டைக்குத் தப்பியவர்கள் ஓடிவந்து ஒளிந்தது இந்தச் சைப்ரஸ் காடுகளில்தான். குடிசை கட்டி, மீன் பிடித்து, கூடை முடைந்து, பிள்ளை பெற்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். மரம் வெட்டி வாள்பட்டறைக்காரருக்கு விற்றார்கள். அவர்களும் கேள்வி கேளாமல் வாங்கினார்கள். இரவில் தோட்டத்துக் குடிசைகளுக்கு வந்து மனைவி மக்களைக் கண்டு செல்வதும் உண்டாம். இத்தகையோருக்குத் தலைவனாயிருந்த சான் மாலோ என்பவனை இஸ்பானிய அதிகாரிகள் பிடித்து, 1784 ஜூன் 19இல் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தில் தூக்கிலிட்டனர். 1811 சனவரியில் இதே பங்கின் அடிமைகள் சார்ல் டெலோண்டு என்பவனின் தலைமையில் கிளர்ந்து நகரை நோக்கி நடந்தபோது, அவர்களை முறியடித்துத் தலைகளைக் கொய்து ஆற்றங்கரை நெடுகக் கம்பங்களில் நட்டார்கள்.

சீட்டு விற்பவர்கள் வசதிக்காகச் சேர்த்த இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பது அப்போதுதான் விளங்கிற்று. முதலையும் பாம்பும் நிறைந்த அந்த நீர், அந்த மாளிகையைக் காட்டிலும் பாதுகாப்பானது என்று மனிதர் எண்ணியிருக்கிறார்கள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கண்முன் நின்றது அந்தச் சிலையுமன்று, முதலையுமன்று. 1995ஆம் ஆண்டின் ஒரு மாலை.

நாம் குருப்பட்டம் பெற்றுச் சில மாதமே ஆகியிருந்தது. உதவிப் பங்குத்தந்தையாயிருந்த அந்த ஊரில், திருவிழாக் கொடியேற்றத்திற்கு முந்தின நாள், எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் அலுவலறை வாசலில் வந்து நின்றார். இளவயதில் அவருக்குப் பிறந்து இரண்டாம் வயதில் இறந்த மகளுக்கு, இறந்த தேதியில் பூசை வைக்க வேண்டுமாம்; தேதி மறந்துபோயிற்றாம். பழைய ஏடு மேல் அலமாரியில், துணி சுற்றிக் கிடந்தது. ஏணி போட்டு எடுக்க வேண்டும். நமக்கோ தேர் வேலை தலைக்குமேல் இருந்தது. குருமடத்தில் கற்ற பாடத்தைச் சொன்னோம்: "ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, அறிவு தெரியுமுன் இறந்தால் நேரே மோட்சம் போகும், பாட்டி. அது வானதூதர்களோடு இருக்கிறது. அதற்காகப் பூசை வேண்டியதில்லை."

"அது தெரியும், சாமி," என்றார் அம்மையார். "தேதிதான் மறந்துபோச்சு."

திருவிழா முடிந்தபின் வாருங்கள் என்றோம். அவர் வரவில்லை. வந்திருந்தாலும் நம்மை மறுபடி தொந்தரவு செய்ய மனமின்றிப் போயிருக்கலாம். அடுத்த ஆண்டே நமக்கு மாற்றல் ஆயிற்று. நாம் சொன்ன பாடத்தில் பிழையில்லை. எந்தப் பேராசிரியரும் குறை காணார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பங்கிற்குச் சென்றோம். இப்போதைய பங்குத்தந்தை வயதில் மிக இளையவர். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். இறப்புப் பதிவேட்டின் ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. ஊரின் பெயரையும் தெருவையும் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் தேடியபின் கிடைத்தது. 1951 நவம்பர் 23. குழந்தையின் பெயர், வயது ஒன்றே முக்கால், காய்ச்சல், தந்தையின் பெயர், அதன்மேல் 'பண்ணையாள்' என்ற குறிப்பு. எந்தப் பண்ணை என்பதும் எழுதியிருந்தது. தாயின் பெயர் இல்லை.

அம்மையார் 2003இல் இறந்துவிட்டதை அடுத்த ஏடு சொல்லிற்று. தாயின் பெயரைக் குழந்தையின் திருமுழுக்குப் பதிவிலிருந்து சரிபார்த்து, பங்குத்தந்தையின் ஒப்புதலோடு, மறைமாவட்ட அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டு, கறையான் விட்டுவைத்த ஓரத்தில் எழுதினோம். தேதியிட்டுக் கையொப்பமும் இட்டோம். இறந்த தேதியை ஒரு தாளில் குறித்து, அதே தெருவில் குடியிருக்கும் அம்மையாரின் பேரனிடம் கொடுத்தோம். அவர் தம் அத்தை ஒருத்தி அப்படி இருந்ததையே அறிந்திருக்கவில்லை.

2021 ஆகஸ்டு 29இல் வீசிய ஐடா புயல் விட்னி தோட்டத்தைக் கடுமையாகச் சேதப்படுத்தியதென்று நண்பர் எழுதினார். பின்பு மீண்டும் திறந்துவிட்டார்கள். அவருடைய கோவிலின் கூரையும் போயிற்றாம். ஏடுகளை முன்னதாகவே பெட்டியிலிட்டு வடக்கே அனுப்பிவிட்டதாகக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். கூரையைப் பற்றி மூன்றாம் வரியில்தான்.

வருகிற 23ஆம் தேதி காலைத் திருப்பலியை நாம் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடுக்கிறோம்.